துறக்கலாமாம்... படிக்கத்தான் கூடாதாம்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காட்கோபரிலிருந்து என் மச்சினன் குமார் செம்பூருக்கு வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலில் செருப்பைக் கழற்றினான். நேரே என்னிடம் வந்தான். தடாலென்று காலில் விழுந்தான்.

நான் பதறிப்போய் இரண்டு காலையும் சோபா மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து இவன் என் காலை மிதித்திருக்கிறான், வாரியிருக்கிறான். விழுந்தது மட்டும் கிடையாது!

"ஆசீர்வாதம் பண்ணுங்கோ அத்திம்பேர்."

"எதுக்குடா? உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலை. உங்களுக்குத்தான்..." என்று இழுத்தவன், எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். இந்த ஃபிளாட் அக்கா பேர்லயும் இருக்கோல்லியோ?"

எங்கே போவதற்கு முன்னாடி?

சமையலறை வாசலில் என் மனைவி ஜெயந்தி நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, நான் குடிக்கிறேனா இல்லையா என்று கண்கொட்டாமல் பார்த்தாள்.

"ஏன்னா... நீங்க சன்னியாசம் வாங்கிக்கப் போறேளா?"

நான் காபியை அவசரமாக விழுங்கி, நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நான் எம்.ஏ. ஃபிலாசஃபிக்கு அப்ளை பண்ணியிருக்கிறேன். சரியாகச் சொன்னால், அன்றைக்குப் பண்ணப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிட்டுப் போனவர்களின் க்யூ, செம்பூர் ஸ்டேஷனில் ஆரம்பித்து வடாலா வரை நிற்கிறது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம்ஸ் செக்ஷனில் குப்பை கொட்டுகிறவன். கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. லிஃப்ட் அரை நிமிஷம் நின்றால் முப்பத்து முக்கோடி தேவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன். இப்பேர்ப்பட்டவனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் எதற்குத் தத்துவம்?

ஒரு குரங்கினால்.

பாண்டுப்பில், மலையடிவாரத்தில் ஒரு கோடவுன். நம்மூர்க்காரர் ஒருவருடையது. உள்ளே மூட்டை மூட்டையாக அப்பளம். போன மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே இறங்கி, அத்தனை அப்பளமும் கூழாகிவிட்டது. கிளெய்ம் வந்தது. பார்க்கப் போனேன். எங்கள் ஃபாரத்தில் ஒரு கட்டம் உண்டு — 'நஷ்டத்துக்குக் காரணம்'. ஒரே ஒரு வரிதான் இடம். 'மழை' என்று எழுதினேன். வேலை முடிந்தது.

முடிந்ததா?

மழை பக்கத்துக் கோடவுனிலும்தானே பெய்தது? அங்கே ஒரு சொட்டு இறங்கவில்லையே? நிமிர்ந்து பார்த்தேன். இந்தக் கூரையில் ஒரு சிமென்ட் ஷீட் உடைந்திருந்தது. யார் உடைத்தது? குரங்கு — காட்டிலிருந்து இறங்கி வந்து குதித்திருக்கிறது. குரங்கு ஏன் இந்தக் கூரைக்கு மட்டும் வந்தது? வாட்ச்மேன் சனிக்கிழமை தவறாமல் அதற்குக் கொண்டைக்கடலையும் வாழைப்பழமும் வைக்கிறான். ஏன் சனிக்கிழமை? அனுமாருக்கு உகந்த நாள். சரி, உன்னை யாரப்பா வைக்கச் சொன்னது என்றும் கேட்டேன். அவன் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது சொன்னால் வீட்டில் பிரச்னை.

ஆக, அப்பளம் நனைந்ததற்குக் காரணம் மழையா, ஷீட்டா, குரங்கா, கொண்டைக்கடலையா... அனுமாரா?

அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. எந்த ஃபாரத்தை எடுத்தாலும் அந்த ஒற்றை வரிக் கட்டம் முறைக்கிறது. ஒரு காரணத்துக்குப் பின்னால் போனால் எங்கே நிற்பது? நிற்கிற இடத்தை யார் முடிவு செய்வது? ஹார்பர் லைன் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி இதையே யோசித்து, இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டிருக்கிறேன். அப்புறம்தான் யாரோ சொன்னார்கள், இந்த மாதிரிக் கேள்விக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, வேலை பார்க்கிறவர்களுக்காக சனி ஞாயிறு வகுப்பு நடத்துகிறார்கள் என்று. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. என் வியாதிக்குப் பெயர் இருக்கிறது! ஆஸ்பத்திரியும் இருக்கிறது!

ஆன்லைனில் விண்ணப்பத்தைத் திறந்தேன். பெயர், ஊர், பழைய பி.காம். மார்க் — எல்லாம் போட்டேன். கடைசியில் ஒரு முட்டுக்கட்டை. வேலையில் இருப்பவர்கள், தங்கள் ஆபீஸிலிருந்து 'ஆட்சேபணை இல்லை' என்று என்.ஓ.சி. வாங்கி இணைக்க வேண்டுமாம். கடைசித் தேதி அடுத்த வெள்ளிக்கிழமை.

எங்கள் ஹெச்.ஆர். தலைவி மாத்ரே மேடம். நல்லவர்தான். கணபதி பூஜைக்கு மோதகம் கொண்டு வந்தால் எனக்கு ஒன்று கூடுதலாகத் தருவார். நான் கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஃபிலாசஃபி? ஆப்? கிஸ்லியே?"

நீங்களா, எதற்காக! அந்த 'கிஸ்லியே'வை அவர் சொன்ன விதம் இருக்கிறதே... கிளெய்ம்ஸ் செக்ஷனில் யானை வளர்க்க நான் அனுமதி கேட்டதுபோல.

இங்கேதான் என் பயந்த சுபாவம் வேலையைக் காட்டியது. "தெரிஞ்சுக்கணும் மேடம்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் குழறி, "ஃப்ராடு கிளெய்மைக் கண்டுபிடிக்க லாஜிக் உதவும்" என்றேன். அது போதாதென்று தோன்றவே, "கஸ்டமர் சேட்டிஸ்ஃபாக்‌ஷனும் கூடும்" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"எம்.பி.ஏ. பண்ணுங்களேன்? இன்ஷூரன்ஸ் டிப்ளமா? இப்பவே கையெழுத்துப் போடுகிறேன்," என்றார் மேடம். "இதில் ஆபீஸுக்கு என்ன ஃபாயிதா, என்ன லாபம்? கமிட்டியில் வைக்கிறேன். வியாழக்கிழமை வாருங்கள்."

என்ன அநியாயம் பாருங்கள்! என் பக்கத்து நாற்காலி பாட்டீல், போன வருடம் ஜோதிட டிப்ளமாவுக்கு என்.ஓ.சி. வாங்கினான். 'வாடிக்கையாளர் உறவு' என்ற தலைப்பில்! சனி எந்த வீட்டில் இருக்கிறது என்று படித்தால் கம்பெனிக்கு லாபம். சனிக்கிழமை ஏன் ஷீட் உடைந்தது என்று படித்தால் நஷ்டமா?

சரி, ஆபீஸ் ஒரு பக்கம். வீட்டுக்கு எப்படித் தெரிந்தது? நான் மூச்சு விடவில்லை. ஆனால் மடத்தனமாக, கரண்ட் பில்லும் கேஸ் பில்லும் வருகிற வீட்டு ஈமெயிலைக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை அதில் ஒரு கடிதம் — 'உங்கள் எம்.ஏ. ஃபிலாசஃபி விண்ணப்பம் முழுமையடையவில்லை.' ஜெயந்தி படித்துவிட்டாள்.

அதனால் என்ன என்கிறீர்களா? அவள் குடும்பத்து வரலாறு உங்களுக்குத் தெரியாது.

மாட்டுங்காவில் அவளுக்கு ஒரு பெரியப்பா இருந்தார். பேங்க் ஆபீசர். 'சும்மா கேட்டுட்டு வரேன்' என்று ஞாயிற்றுக்கிழமை வேதாந்த கிளாஸுக்குப் போக ஆரம்பித்தார். முதலில் வெங்காயத்தை விட்டார். அப்புறம் காபியை விட்டார். அப்புறம் ஒரு நாள், சக்கரம் வைத்த சூட்கேஸை உருட்டிக்கொண்டு ரிஷிகேஷுக்குப் போனார். திரும்பி வரவே இல்லை. அதிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஃபிலாசஃபி என்றால் வேதாந்தம். வேதாந்தம் என்றால் சன்னியாசம். நடுவில் சிக்னல் கிடையாது.

என் காபி டம்ளரை அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று இப்போது புரிகிறதா?

"நான் வெங்காய சாம்பார் கேக்கறேன் பாரு! இன்னொரு காபி குடு!" என்று கத்தினேன். இரண்டாவது டம்ளரையும் குடித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை.

"பெரியப்பாவும் இப்படித்தான், போறதுக்கு முந்தின நாள் மசால் தோசை கேட்டார்."

குமார் வாழைப்பழத்தை உரித்தபடி சாஸ்திரம் சொன்னான். "கவலைப்படாதேக்கா. சம்சாரம் சம்மதிக்காம சன்னியாசம் செல்லாது. நீ ஓ.கே. சொன்னாத்தான் இவர் போக முடியும்."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் ஜெயந்தி.

ஆக, என் ஒருத்தனுக்கு இரண்டு என்.ஓ.சி. தேவை. ஒன்று படிக்க. இன்னொன்று, நான் கேட்கவே கேட்காத ஒன்றுக்கு!

"டேய், இது சனி ஞாயிறு கிளாஸ்டா. எம்.ஏ. டிகிரி. மார்க் எல்லாம் உண்டு," என்றேன்.

"ஆரம்பம் அப்படித்தான் இருக்கும் அத்திம்பேர்," என்றான் அவன், ஏதோ சாராயக் கடையைப் பற்றிச் சொல்வதுபோல.

புதன்கிழமை ஆபீஸ் விட்டதும் மனசு கேட்காமல் தாராவிக்குப் போனேன். என் பள்ளிக்கூடத்து சிநேகிதன் காஜா அங்கே தோல்பை பட்டறை வைத்திருக்கிறான். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தாராவியிலேயே பிறந்து வளர்ந்தும் அவன் நாக்கு இன்னும் தாமிரபரணியைத் தாண்டவில்லை. கடைக்குள் நுழைந்ததும் கொட்டித் தீர்த்தேன் — குரங்கு, அப்பளம், மாத்ரே மேடம், மச்சினன், வாழைப்பழம்.

காஜா எல்லாவற்றையும் கேட்டான். "கொரங்கு கெடக்கட்டும்ல. அந்த அப்பளக்காரருக்குத் துட்டு கெடச்சிச்சா?"

"கெடச்சுடுத்து. பாஸ் பண்ணிட்டேன்."

"பொறவு என்ன மயித்துக்குல மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க?"

"அதான்டா எனக்கும் தெரியலை. அதைத் தெரிஞ்சுக்கத்தான் படிக்கணும்கிறேன்."

எதற்கு என்று காஜா கேட்கவில்லை. என்ன பிரயோஜனம் என்று கேட்கவில்லை. சுவரில் தொங்கிய பைகளைக் காட்டி, "காலேஜுக்குப் பை வேணும்லா? ரெண்டு ஜிப்பா, மூணு ஜிப்பா?" என்றான்.

இந்த விவகாரத்தில் இதுவரை என்னிடம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். "மூணு" என்றேன்.

வியாழக்கிழமை. மாத்ரே மேடம் அறைக்குள் நுழைகிறேன். மேடம் எழுந்து நின்றார்!

ஹெச்.ஆர். எழுந்து நின்றால் ஒன்று சேர்மன் வந்திருக்க வேண்டும், இல்லை நமக்கு வேலை போயிருக்க வேண்டும்.

"பைட்டியே, பைட்டியே," என்று நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். தண்ணீர் வந்தது. "உங்கள் சாலே சாப் போன் செய்தார். எல்லாம் சொன்னார்."

மச்சினன்! குமார்! என்.ஓ.சி. கொடுத்துவிடாதீர்கள், அத்திம்பேர் சன்னியாசம் போகப் போகிறார் என்று, அவனுடைய ஓட்டை ஹிந்தியில் என் ஆபீஸுக்கே போன் போட்டிருக்கிறான்.

"நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாமே?" மேடத்தின் குரலில் அவ்வளவு மரியாதை. "பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறோம். நோட்டீஸ் பீரியட்கூட வேண்டாம். எங்கே... ரிஷிகேஷா, காசியா? எங்களுக்காகவும் பிரார்த்தனை பண்ணுங்கள்."

எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது.

நான் கோபக்காரன் இல்லை. ரிக்‌ஷாக்காரன் சில்லறை இல்லை என்றால், மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்குகிறவன். ஆனால் அன்று கத்தினேன். தமிழில் ஆரம்பித்து, ஹிந்தியில் புகுந்து, இங்கிலீஷில் வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாட்டீல் வாயில் வைத்த வடா பாவோடு நின்றுவிட்டான்.

"போன வாரம் நான் என்ன கேட்டேன் மேடம்? சனி ஞாயிறு படிக்கணும்னு கேட்டேன். திங்கக்கிழமை காலைல இதே சீட்ல இருப்பேன்னு சொன்னேன். அதுக்கு என்ன உபயோகம்னு கேட்டீங்க, கமிட்டின்னீங்க. இன்னைக்கு நான் வேலைய விட்டு, வீட்டை விட்டு, பொண்டாட்டிய விட்டு ஓடப் போறேன்னு யாரோ சொன்னதும் எழுந்து நிக்கறீங்க. தண்ணி தர்றீங்க. ஒரே வாரத்துல செட்டில்மென்ட்! இதுல ஆபீஸுக்கு என்ன ஃபாயிதான்னு கேக்கவே இல்லையே? உலகத்தை விட்டுப் போறவனுக்கு ராஜ மரியாதை. உலகத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்கிறவனுக்குக் கமிட்டியா?"

மேடம் திகைத்துப் போனார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "ஃப்ராடு கண்டுபிடிக்கன்னு சொன்னது பொய் மேடம். எனக்கு இதுல ஒரு உபயோகமும் இல்லை. ப்ரமோஷன் வேண்டாம். அந்தக் குரங்குதான் காரணமா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்!"

மேடம் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

"கௌன்சா பந்தர்?" என்றார் மேடம் மெதுவாக.

எந்தக் குரங்கு! இரண்டு வாரத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல கேள்வி அந்த நாற்காலியிலிருந்து வந்தது. சொன்னேன். கூரை, ஷீட், கொண்டைக்கடலை, சனிக்கிழமை எல்லாவற்றையும். மேடம் சிரிக்கவில்லை. "ஷீட் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால்?" என்றார். அதை நான் யோசிக்கவே இல்லை.

"அப்படியென்றால்... சன்னியாசம் நிஜமாகவே இல்லையா?"

"இல்லை மேடம்."

அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "இந்த சிஸ்டத்தில் காரணத்தைக் காலியாக விட முடியாது. லிஸ்டிலிருந்து ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 'தெரிஞ்சுக்கணும்' என்று இதில் இல்லை," என்று மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு இடத்தில் நிறுத்தித் தட்டினார். பிரின்ட் வந்தது. கையெழுத்து, ஸீல்.

ஆட்சேபணை இல்லை. காரணம்: 'மன அழுத்த நிவாரணம்'.

"இவ்வளவு கத்தினீர்களே," என்றார் மேடம். "யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்."

மனித குலம் யோசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து சேர்த்து வைத்த தத்துவம் மொத்தமும், எங்கள் ஆபீஸ் கணக்கில் யோகா கிளாஸுக்கும் கழுத்து மசாஜுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. சண்டை போடலாமா என்று நினைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, கடைசித் தேதி. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து காகிதத்தை ஜெயந்தியிடம் நீட்டினேன். வெற்றிகரமாகத்தான் நீட்டினேன். அவள் இரண்டு தடவை படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆபீஸ்ல கேட்டேள். கையெழுத்து வாங்கினேள். என்கிட்ட?"

"நீதான் சன்னியாசத்துக்கு ஒத்துக்க மாட்டேன்னு..."

"சன்னியாசம் இல்லைன்னு எனக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும்னா. ரெண்டாவது காபிய அந்த மாதிரி குடிக்கறவர் எந்த ஆஸ்ரமத்துல இருப்பார்?" அவள் சிரிக்கவில்லை. "பெரியப்பா போனப்புறம் பெரியம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிண்டே இருப்பா. 'போறேன்னு சொல்லியிருந்தா நானே துணி மடிச்சு வச்சிருப்பேனே'ன்னு. ஈமெயில்ல பாத்துத் தெரிஞ்சுக்கறாப்ல பண்ணிட்டேளே நீங்களும்?"

மற்றவர்கள் எல்லாம் எதற்காக என்று கேட்டதற்காகக் கொதித்தேனே... என்னிடம் அதைக் கேட்க உரிமை உள்ள ஒரே ஆளுக்கு நான் வாய்ப்பே கொடுக்கவில்லை.

"ஜெயந்தி, நான் எம்.ஏ. படிக்கட்டுமா?"

"சனிக்கிழமை மார்க்கெட்டுக்கு யார் போறது?"

"கிளாஸ் முடிஞ்சு வந்து நானே போறேன்."

"கறிகாய் எல்லாம் வாடிப் போயிருக்கும்," என்றாள். ஆனால் நாற்காலியை இழுத்துக்கொண்டு லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

என்.ஓ.சி.யை ஏற்றினோம். பச்சை டிக் வந்தது. அப்பாடா என்று அடுத்த பக்கத்துக்குப் போனால்... அங்கே ஒரு பெரிய கட்டம். 'இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன? இதனால் உங்களுக்கு என்ன பயன்?'

ஹெச்.ஆர். கேட்கலாம். மச்சினன் கேட்கலாம். தத்துவ வாத்தியார்களுமா? யாரை நம்பி இந்தக் கடையைத் திறந்தீர்கள் ஐயா! நான் லேப்டாப்பை மூடப் போனேன். ஜெயந்தி கையைத் தடுத்தாள்.

"என்கிட்ட சொல்லுங்கோ. எதுக்குப் படிக்கணும்?"

சொன்னேன். முதன்முதலாக அவளிடம், ஆதியோடந்தமாக. மழையில் ஆரம்பித்துச் சனிக்கிழமை வரை. அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"அப்படியே எழுதுங்கோ. பயன் கியன்னு ஒண்ணும் வேண்டாம்," என்றாள். எழுதினேன். முடித்ததும் அவளுக்கு ஒரு சந்தேகம். "அந்த வாட்ச்மேன்கிட்ட, யார் குரங்குக்குப் போடச் சொன்னான்னு கேட்டேளே... என்ன சொன்னான்?"

மாட்டிக்கொண்டேன். சொல்லித்தானே ஆகவேண்டும்?

"பையன் கணக்குல ஃபெயிலாம். பாஸாகணும்னு வேண்டிண்டு... அவன் பொண்டாட்டி போடச் சொன்னாளாம்."

ஜெயந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கடைசில எல்லாத்துக்கும் பொண்டாட்டிதான் காரணம். இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ரெண்டு வருஷம் காலேஜ்!"

சொல்லிவிட்டு, என் கையைத் தள்ளிவிட்டு, 'சப்மிட்' பட்டனை அவளே அழுத்தினாள்.

எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. நாளைக்கு இதில் ஏதாவது நஷ்டம் வந்தால், அந்த ஒற்றை வரிக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று தெளிவாகிவிட்டது பாருங்கள்!